1.1 டிகிரி என்பது குளிர் அல்ல, கோணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் ஏடு) அடுக்குகளில் 1.1 டிகிரியில் மின்தடை மறைவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்கு முன்பே அதைப் படித்துவிட்ட என் தங்கை மகன், "மாமா, 1.1 டிகிரிதானா? ஃபிரிட்ஜே போதுமே! கம்பியை உள்ளே வைத்துவிட்டால் கரண்ட் இழப்பே இருக்காதே?" என்று கேட்டான். அவன் வணிகவியல் படிக்கிறவன். அவனைக் குறை சொல்ல முடியாது. கட்டுரையை மூன்று முறை படித்தேன். அந்த 1.1 என்பது வெப்பநிலை அல்ல, ஓர் அடுக்கை இன்னொன்றின் மேல் திருப்பி வைக்கும் கோணம் என்று எந்த வரியும் தெளிவாகச் சொல்லவில்லை. உண்மையான வெப்பநிலையோ கட்டுரையில் எங்குமே இல்லை.

அந்த வெப்பநிலை சுமார் 1.7 கெல்வின். செல்சியஸில் சொன்னால் மைனஸ் 271 டிகிரிக்கும் சற்றுக் கீழே.

நான் விஞ்ஞானி அல்ல. ஒரு தாழ்வெப்பநிலை ஆய்வகத்தில் 1984 முதல் 2016 வரை தொழில்நுட்ப உதவியாளராக வேலை பார்த்தவன். திரவ ஹீலியம் ஊற்றுவது, வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்வது, மாணவர்கள் உடைத்ததைச் சரிசெய்வது, இவைதான் என் வேலை. அதனால் 1.7 கெல்வின் என்ற எண்ணை யாராவது விட்டுவிட்டு எழுதினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஏனென்றால் அந்த எண்ணுக்குப் போய்ச் சேருவதற்குத்தான் என் வாழ்நாளில் பாதி போயிற்று.

திரவ ஹீலியம் சாதாரண அழுத்தத்தில் 4.2 கெல்வினில் கொதிக்கும். ஒரு வாட் வெப்பம், அதாவது ஒரு சின்ன டார்ச் பல்பு அளவு, உள்ளே கசிந்தால் போதும்; மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் ஹீலியம் ஆவியாகிவிடும். அதே ஒரு வாட், 77 கெல்வினில் இருக்கும் திரவ நைட்ரஜனில் மணிக்கு 20 மில்லிலிட்டர் சொச்சத்தைத்தான் ஆவியாக்கும். குடுவையில் ஹீலியம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எங்களிடம் ஒரு மெல்லிய நீளக் குழாய் இருந்தது. அதன் மேல் முனையில் ரப்பர் சவ்வு கட்டியிருக்கும். குழாயை இறக்கிக்கொண்டே போனால் சவ்வு கட்டைவிரலுக்குக் கீழே படபடவென்று துடிக்கும். கீழ் முனை திரவத்தைத் தொட்டதும் துடிப்பு மந்தமாகும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால் மட்டம் தெரிந்துவிடும். இன்றைக்கும் என் விரலுக்கு அந்த வித்தியாசம் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் 4.2-லிருந்து 1.7-க்கு இறங்க வேண்டும். ஹீலியத்தின் மேலுள்ள ஆவியைப் பம்பு வைத்து இழுத்துக்கொண்டே இருந்தால் அது மேலும் குளிரும். கண்ணாடிக் குடுவை வழியாகப் பார்த்தால் முதலில் சளசளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். 2.17 கெல்வினைத் தாண்டும் நொடியில் கொதிப்பு சட்டென்று நின்று, குமிழியே இல்லாமல் திரவம் அசையாமல் நிற்கும். ஹீலியம் மீப்பாய்மம், அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் திரவம், ஆகிவிட்டது என்று அர்த்தம். தங்கள் கட்டுரை சொல்லும் பொருள் மீக்கடத்தியாவது, அதாவது மின்தடையே இல்லாததாவது, அந்த அமைதிக்கும் கீழே. ஃபிரிட்ஜ் எங்கே, இது எங்கே!

இன்னொன்று. கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் வெண்புகைக்கு நடுவே ஒரு கறுப்பு வில்லையின் மேல் காந்தம் மிதக்கிறது. அது கிராஃபீன் அல்ல. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்த மாதிரி வில்லைகளை என் கையாலேயே நிறையச் செய்திருக்கிறேன். அது இட்ரியம், பேரியம், தாமிரம் கலந்த ஆக்ஸைடு. புகை, திரவ நைட்ரஜன் குளிர்விப்பதால் வருவது. மீக்கடத்தி பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பத்திரிகைகள் இந்தப் படத்தைத்தான் போடுகின்றன. ஆனாலும் இந்த முறை அதில் ஒரு பொருத்தம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

மீக்கடத்தல் முதலில் தெரியவந்தது 1911-ல், லெய்டன் நகரில், பாதரசத்தில். பெயர் காமர்லிங் ஓன்ஸுக்குப் போயிற்று. குளிர்விக்கும் கருவியைக் கட்டிய தொழில்நுட்பத் தலைவர் ஃப்ளிம், அளவெடுத்த ஹோல்ஸ்ட் ஆகியோர் பெயர் அந்த அறிக்கைகளின் தலைப்பில் இல்லை. (என்னைப் போன்றவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், மன்னிக்கவும்.) அதற்குப் பிறகு 75 ஆண்டுகள் பெரும்பாலும் உலோகங்களும் உலோகக் கலவைகளும்தான், 23 கெல்வின் சொச்சத்தைத் தாண்டவில்லை. 1986-ல் பெட்நார்ஸும் முல்லரும் சூரிச் ஆய்வகத்தில் தாமிர ஆக்ஸைடு ஒன்றில் 30 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தலின் அறிகுறியைக் கண்டார்கள். மறு வருடமே இட்ரியம் கலவை 93 கெல்வினைத் தொட்டது. நைட்ரஜனே போதும் என்றாகிவிட்டது. அந்த வருடம் எங்கள் ஆய்வகத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இட்ரியம் ஆக்ஸைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்ஸைடு மூன்றையும் எடை பார்த்து அகேட் உரலில் அரைத்து, 900 டிகிரிக்கு மேல் உலையில் வேகவைத்து, மறுபடி அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, ஆக்ஸிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆறவிட வேண்டும். எங்கள் முதல் வில்லை பச்சை நிறத்தில் வந்தது. பச்சை என்றால் வேறு சேர்மம், மீக்கடத்தி அல்ல. நான்காவது முறைதான் கறுப்பாக வந்தது. காந்தம் மிதந்தது. ஆய்வக வாசலில் கூட்டம்.

படத்தில் ஒரு பொருத்தம் என்றேனே, அது இதுதான்: இந்தத் தாமிர ஆக்ஸைடுகள் எல்லாமே அடுக்குப் பொருள்கள். தாமிரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒற்றை அணுத் தளங்களில்தான் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. இடையில் உள்ள மற்ற அணுக்கள் பிரித்து வைக்கவும், எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கவும் உதவுகின்றன. பிஸ்மத் கலந்த வகையைச் செலோடேப்பை ஒட்டி இழுத்தால் மைக்கா மாதிரி ஏடு ஏடாக உரியும். எனவே "அடுக்குகளில் மீக்கடத்தல் முதன்முறையாக" என்று தங்கள் கட்டுரையில் எழுதியிருந்தது சரியல்ல. 1986-லேயே இயற்கை அடுக்கிக் கொடுத்த பொருளில் அது இருந்தது. புதிது என்னவென்றால், இப்போது மனிதன் ஒவ்வோர் ஏடாக எடுத்துத் தன் விருப்பப்படி அடுக்குகிறான்.

செலோடேப் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 90-களில் எங்களிடம், ஊசிமுனையால் மேற்பரப்பை வருடி அணுக்களைக் காட்டும் ஒரு நுண்ணோக்கி (STM) வந்தது. அதைச் சரிபார்க்கக் கிராஃபைட் துண்டு வைப்போம். கிராஃபைட்டின் மேற்பரப்பு புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காக, காலையில் முதல் வேலையாகச் செலோடேப்பை ஒட்டி மேல் ஏட்டை உரித்து எறிவேன். டேப்பில் சாம்பல் நிறப் பளபளப்பு ஒட்டியிருக்கும். குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன். பத்து வருடம் போட்டேன். 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் அந்த மாதிரி டேப்பில்தான் ஓர் அணு தடிமனுள்ள கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசு. அவர்களுக்கும் அந்த யோசனை, நுண்ணோக்கிக்காரர்கள் வீசிய டேப்பிலிருந்துதான் வந்ததாம். டேப்பில் இருந்ததை விட, அதை எடுத்து ஆக்ஸைடு பூசிய சிலிக்கான் தகட்டில் ஒட்டி ஒளி நுண்ணோக்கியில் தேடிப் பார்த்ததுதான் சாமர்த்தியம். நான் தேடவில்லை, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் ஏடுகள். எத்தனை கோடி கிராஃபீன் என் குப்பைத் தொட்டியில் போயிற்றோ!

சரி, 1.1-க்கு வருகிறேன். இரண்டு வலைத்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து லேசாகத் திருப்பினால், துணியில் இல்லாத ஒரு பெரிய கோலம் தெரியும். திருப்பம் குறையக் குறைய கோலம் பெரிதாகும். கிராஃபீன் ஏடுகள் இரண்டை 1.1 பாகை திருப்பி வைத்தால், கார்பன் அணுக்களின் அறுகோண வலையில் சுமார் 13 நானோமீட்டருக்கு ஒரு முறை திரும்ப வரும் கோலம் உண்டாகிறது. கோலத்தின் ஒரு கட்டத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள். சாதாரணக் கிராஃபீனில் எலக்ட்ரான்கள் மிக வேகமாக ஓடுபவை. இந்தக் கோணத்தில் மட்டும் அவற்றின் ஓட்டம் ஏறக்குறைய நின்றுபோகிற அளவுக்கு மெதுவாகிறது. ஓட்டம் மெதுவானதும், ஓடும் ஆற்றலை விட ஒன்றையொன்று தள்ளும் ஆற்றல் பெரிதாகிவிடுகிறது. அப்போது எலக்ட்ரான்கள் தனித்தனியாக நடந்துகொள்ளாமல் கூட்டாக நடந்துகொள்கின்றன. இதைக் கணக்குப் போட்டு 2011-ல் பிஸ்ட்ரிட்ஸரும் மெக்டொனால்டும் முன்கூட்டியே சொன்னார்கள். 2018 மார்ச்சில் எம்.ஐ.டி.யின் ஹரில்லோ ஹெர்ரேரோ குழுவினர், யுவான் சாவ் முதல் ஆசிரியராக, மின்தடை மறைவதையே காட்டினார்கள்.

கோணம் ஒரு பாகையின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிசகினாலும் வித்தை பெரும்பாலும் பலிக்காது. அடுக்குகளுக்கோ நேராகத் திரும்பிக்கொள்ள ஆசை. சூடுபடுத்தினால் கோணம் கழன்றுவிடும். ஒரே ஏட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தூக்கி, மேடையைத் திருப்பி, மறுபாதியின் மேல் இறக்குவார்கள். ஒரே ஏடு என்பதால் தொடக்கத் திசை தானாகவே பொருந்தியிருக்கும். இந்த யுக்தியை யோசித்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த அடுக்கை மேலும் கீழும் காக்கும் போரான் நைட்ரைடு படிகம் உலகின் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு ஜப்பானின் சுகுபாவில் உள்ள இரண்டு பேரிடமிருந்து போகிறது: தனிகுச்சி, வதனபே. ஒரு பெரிய நீரழுத்த இயந்திரத்தில், வளிமண்டலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு அழுத்தத்தில் வளர்த்துத் தருகிறார்கள். நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஃப்ளிம் காலத்தில் இது நடக்கவில்லை.

என்னை உண்மையில் அசத்தியது வேறு. தங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை.

80-களின் கடைசியில் லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம் கலந்த தாமிர ஆக்ஸைடில் ஒரு வரைபடம் போட வேண்டியிருந்தது. ஸ்ட்ரான்ஷியம் இல்லாவிட்டால் அது மின்காப்புப் பொருள். 0.05 பங்கு சேர்த்தால் மீக்கடத்தல் எட்டிப்பார்க்கும், 0.15-ல் உச்சம், சுமார் 38 கெல்வின். அதற்கு மேல் குறைந்துகொண்டே போய் 0.27 வாக்கில் மறைந்துவிடும். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தனி வில்லை. ஒவ்வொரு வில்லைக்கும் எடை, அரைப்பு, உலை, மறுபடி அரைப்பு, மறுபடி உலை என்று பல நாட்கள். பதினான்கு புள்ளிகளுக்கு நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு வில்லை விரிசல் விட்டது. போட்டு முடித்தபின் ஒருவர் வந்து, வில்லைக்கு வில்லை ஆக்ஸிஜன் அளவு மாறியிருக்கலாமே என்றார். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல முடியவில்லை.

எங்களிடம் முன்பு படித்த ஒரு பெண் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு 2019-ல் போயிருந்தேன். திருகிய கிராஃபீன் ஒன்று குளிர்பெட்டிக்குள் இருந்தது. அடுக்குக்குக் கீழே ஒரு மின்முனை. அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால் அடுக்குக்குள் இருக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கை மாறும். "அண்ணா, நீங்களே திருப்பிப் பாருங்கள்" என்று சொன்னாள். திருப்பினேன். மின்தடை ஏறி ஒரு முகடு வந்தது: மின்காப்பு. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். விழுந்தது, விழுந்து தரையோடு தரையாகக் கிடந்தது. இன்னும் திருப்பினேன், மறுபடி ஏறியது. நான்கு மாத வரைபடம் நான்கு நிமிடத்தில், ஒரே துண்டில். எதையும் அரைக்கவில்லை, உலை இல்லை. ஆக்ஸிஜன் பற்றிக் கேட்க யாருக்கும் வாய்ப்பில்லை. அங்கே ஒரு நாற்காலி இருந்தது நல்லதாகப் போயிற்று.

இந்த அடுக்குகளின் பெருமை அதில்தான் இருக்கிறது; மின்கம்பியில் அல்ல. தங்கள் கட்டுரை, இழப்பில்லா மின்கம்பி, மிதக்கும் ரயில் என்று போயிற்று. அந்த 2018 துண்டு சில மைக்ரோமீட்டர் அகலம். மீக்கடத்தல் கெடாமல் அது தாங்கிய மின்னோட்டம் நானோ ஆம்பியர் கணக்கில். கைபேசி சார்ஜரே ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் எடுக்கும். மீக்கடத்திக் கம்பி வேண்டுமென்றால் அது ஏற்கனவே இருக்கிறது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-ல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒன்றை நிலத்தடியில் போட்டார்கள். அதில் இருந்தது பழைய தாமிர ஆக்ஸைடு, குளிர்வித்தது திரவ நைட்ரஜன்.

கிராஃபீன் அடுக்கு தாமிர ஆக்ஸைடின் புதிரையே சின்ன அளவில் திருப்பிக் காட்டுகிறது என்று 2018-ல் நிறையப் பேர் நினைத்தார்கள், மின்காப்புக்குப் பக்கத்திலேயே மீக்கடத்தல் இருந்ததால். 2020-ல் சில குழுக்கள் பக்கத்தில் உலோகத் தளம் வைத்து எலக்ட்ரான்களின் தள்ளுதலைக் குறைத்துப் பார்த்தன. மின்காப்பு மறைந்தது, மீக்கடத்தல் மறையவில்லை. அப்படியானால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றனவா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. இப்போது கிராஃபீனைத் தாண்டி, டங்ஸ்டன் டைசெலினைடு ஏடுகள் இரண்டைத் திருகி வைத்ததிலும் மீக்கடத்தல் கிடைத்திருக்கிறது. கோணம் 3.65 பாகையும் 5 பாகையும்; வெப்பநிலையோ அரை கெல்வினுக்கும் கீழே. பாருங்கள், கோணம் பெரிது, வெப்பநிலை சிறிது. இரண்டையும் "டிகிரி" என்று எழுதினால் வாசகர் என்ன செய்வார்?

வெப்பநிலையைக் கேட்பது பிடிவாதம் அல்ல. 2023-ல் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று ஒரு கொரியப் பொருள் உலகம் முழுக்க அமர்க்களப்பட்டது. மின்தடை திடீரென்று விழுவதைக் காட்டினார்கள். சில வாரங்களிலேயே பல ஆய்வகங்கள் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தன: அதற்குள் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு 100 டிகிரி செல்சியஸ் சொச்சத்தில் வடிவம் மாறுகிறது, அதனால் தடை விழுகிறது. பூஜ்யம் அல்ல. எங்களிடமும் ஒரு மாலை இப்படி நடந்தது. குளிர்வித்துக்கொண்டே வந்தபோது 110 கெல்வினில் மின்னழுத்தம் சுத்தமாகப் பூஜ்யம் ஆயிற்று. மாணவன் குதித்தான். பேராசிரியரை வீட்டிலிருந்து அழைத்து வந்தான். மின்னோட்டக் கம்பியை ஒட்டியிருந்த வெள்ளிப் பசை குளிரில் விட்டுப்போயிருந்தது, மின்னோட்டமே பாயவில்லை. பாயாத மின்னோட்டத்துக்கு மின்னழுத்தம் பூஜ்யமாகத்தானே இருக்கும்! அந்தப் பசையை ஒட்டியவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு, பூஜ்யம் என்று யார் சொன்னாலும் காந்தத்தில் வைத்துப் பார்த்தீர்களா, எந்த வெப்பநிலையில், எத்தனை முறை என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கட்டுரையில் மீக்கடத்தி, அதிகடத்தி, சூப்பர் கண்டக்டர் என்று மூன்று சொற்களும் மாறி மாறி வந்தன. பாடநூல்களில் மீக்கடத்தி என்று இருக்கிறது, அதுவே போதும். கோணத்துக்கும் நம்மிடம் பாகை என்ற நல்ல சொல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியிருந்தால் என் மருமகன் ஃபிரிட்ஜைத் திறந்திருக்க மாட்டான்.

திருத்தம் வெளியிட இடம் குறைவு என்றால் இந்த நீளக் கடிதம் வேண்டாம். ஒரே வரி போதும்: "சென்ற ஞாயிறு கட்டுரையில் 1.1 டிகிரி எனக் குறிப்பிட்டது கோணம், வெப்பநிலை 1.7 கெல்வின். படத்தில் இருப்பது கிராஃபீன் அல்ல."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாழ்வெப்பநிலை ஆய்வக உதவியாளர்